‘தெரிகிறது’ என்றீர்கள், எந்த விமானம்?

கேள்வி: தனியார் விமானி உரிமம் பெற்று ஓராண்டு ஆகிறது, இதுவரை 90 மணி நேரம் பறந்திருக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன், போக்குவரத்து மிகுந்த ஒரு விமான நிலையத்தில் தனியாக இறங்கச் சென்றேன். ஓடுபாதைக்கு இணையாக டவுன்விண்டில் பறந்துகொண்டிருந்தபோது, “நீங்கள் இரண்டாவது. மூன்று மைல் ஃபைனலில் வரும் செஸ்னாவின் பின்னால் வாருங்கள். அது தெரிந்ததும் சொல்லுங்கள்” என்றார் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர். (ஃபைனல் என்பது ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கும் கடைசிக் கட்டம்; செஸ்னா ஒரு சிறு விமான வகை.) கீழே ஒரு செஸ்னா தெரிந்தது. “செஸ்னா தெரிகிறது, நான் இரண்டாவது” என்று சொல்லிவிட்டு, அது என்னைக் கடந்ததும், ஃபைனலில் சேர்வதற்கான குறுக்குப் பாதையான பேஸுக்குத் திரும்பினேன். உடனே, “வலப்பக்கம் திரும்புங்கள், இப்போதே!” என்று அதட்டல். நான் பார்த்தது ஓடுபாதையைத் தொடப்போகும் வேறொரு செஸ்னா. பின்தொடர வேண்டியது இன்னும் தொலைவில் வந்துகொண்டிருந்தது. அதன் வழியில் குறுக்கே போயிருக்கிறேன். தரையிறங்கியதும் ஓர் எண்ணைக் கொடுத்துத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னார்கள். இன்னும் அழைக்கவில்லை. அன்றிலிருந்து மைக் பொத்தானைத் தொட்டாலே கை நடுங்குகிறது. கோபுரம் இல்லாத சிறு தளங்களுக்கு மட்டுமே போகிறேன். என் ஆங்கிலம்தான் காரணமா? அவர்கள் ஏன் இவ்வளவு வேகமாகப் பேசுகிறார்கள்? திரும்பத் திரும்பக் கேட்டால் தகுதியில்லாதவன் என்று நினைப்பார்களோ? பறப்பதையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிட வேண்டாம். அந்தத் தொலைபேசி எண்ணை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அழையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கோபுரத்திலும், நிலையத்தை நெருங்கும் விமானங்களை ரேடாரில் வழிநடத்தும் அணுகுமுகக் கட்டுப்பாட்டிலுமாக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. அன்று உங்களுக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் நடந்த பேச்சில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவர் சொன்னது முறையான அறிவுரை. நீங்கள் சொன்னது முறையான பதில். ஒலிப்பதிவை எழுத்தில் இறக்கிப் பரீட்சைத் தாளாகத் திருத்தினால் இருவருக்குமே முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆகவே உங்கள் ஆங்கிலத்தின் மேல் பழி போட வேண்டாம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் பேசியிருந்தாலும் அதே விமானத்தின் குறுக்கேதான் போயிருப்பார்கள்.

பிசகியது படம். அவர் மனத்தில் இருந்த வானத்தில் இரண்டு செஸ்னாக்கள் இருந்தன. உங்கள் வானத்தில் ஒன்றுதான். ஓடுபாதையைத் தொடப்போகும் விமானத்துக்கு அவர் இறங்க அனுமதி கொடுத்து முடித்துவிட்டார். அந்தக் கணமே அது அவருடைய வரிசைக் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது. எனவே மூன்று மைலில் வருவது முதலாவது, நீங்கள் இரண்டாவது. உங்கள் கணக்கிலோ கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருப்பதுதான் முதலாவது. ‘இரண்டாவது’ என்ற சொல் இரண்டு வானத்துக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இந்த வகைப் பிழை பிடிபடாமல் போவதற்குக் காரணமே இதுதான். சொல் பொருந்தாமல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் நெற்றியைச் சுருக்கியிருப்பார்.

ஒரு குறிப்பு மட்டும் பொருந்தவில்லை: ‘மூன்று மைல்’. நீங்கள் பார்த்த விமானம் ஓடுபாதைக்கு மேலேயே இருந்தது. அந்த மூன்று மைல் உங்கள் காதில் விழுந்தது, பதிலில் வரவில்லை. “மூன்று மைலில் வருவது இன்னும் தெரியவில்லை, ஓடுபாதை அருகே ஒன்று தெரிகிறது” என்று சொல்லியிருந்தால் அவர் உடனே விழித்துக்கொண்டிருப்பார். உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ‘தெரிகிறது’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு ‘எங்கே தெரிகிறது?’ என்று கேட்காதது அவருடைய பங்கு. அந்தக் கேள்விக்கு இரண்டு விநாடி போதும். நானும் அதைக் கேட்காமல் விட்ட நாட்கள் உண்டு.

ஒரு மாலை, ரேடார் திரையில் ஏழெட்டு விமானங்கள். சிறிய விமானம் ஒன்றை 3,000 அடிக்கு இறங்கச் சொன்னேன். விமானி 2,000 என்று திருப்பிச் சொன்னார். என் காதில் 3,000 என்றே விழுந்தது. திரையில் அந்த விமானத்தின் அடையாளத்துக்கு அருகே உயரம் 2,800 என்று மாறியபோதுதான் நெஞ்சு திக்கென்றது; 2,000 அடியில் இன்னொருவர் இருந்தார். உடனே நிறுத்தி மேலே ஏற்றினேன். பணி முடிந்ததும் ஒலிப்பதிவைக் கேட்டேன். ‘இரண்டாயிரம்’ என்று மணி அடித்த மாதிரி இருந்தது. எனக்கு நல்ல காது; அன்று அது காத்திருந்த சொல்லையே கேட்டது.

விமானிகள் அறிவுரையைத் திருப்பிச் சொல்வதை ரீட்பேக் என்கிறோம். அதைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்டு உறுதிசெய்வது அதன் மறுபாதி. இந்த இரண்டாம் பாதி தவறினால் முதல் பாதியால் பயனில்லை. 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்துக்கு வந்த ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்திடம் 2,400 அடிக்கு இறங்கலாம் என்று கட்டுப்பாட்டாளர் சொன்னார். எண்ணை ஒவ்வோர் இலக்கமாக, ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று சொன்னார். ஆங்கிலத்தில் ‘டூ’ என்ற ஒலி ‘இரண்டு’ என்ற எண்ணாகவும் இருக்கும், ‘வரை’ என்ற பொருளிலும் வரும். விமானி அறையில் அது ‘நானூறு வரை’ என்று கேட்டது. ‘சரி, ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று பதில் போனது. அந்தப் பதிலில் ஓர் இலக்கம் குறைவதை யாரும் பிடிக்கவில்லை. விமானம் குன்றில் மோதியது, நால்வரும் இறந்தார்கள். ரீட்பேக் இருந்தது, தவறாக இருந்தது, தவறு என்பது அதிலேயே எழுதி ஒட்டியிருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

உங்களைப் போன்ற தனியார் விமானிகளுக்கு இன்னும் நெருக்கமான கதை இத்தாலியின் மிலான் நகர லினாத்தே விமான நிலையத்தில் நடந்தது. 2001 அக்டோபர் 8, காலை, அடர்ந்த மூடுபனி. சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட் ஒன்று புறப்படத் தயாராக இருந்தது. வடக்கு நோக்கி ‘ஆர் 5’ பாதை வழியாக வரும்படி அறிவுரை. விமானி ‘ஆர் 5’ என்று சரியாகத் திருப்பிச் சொன்னார். ‘வடக்கு’ என்ற சொல் மட்டும் பதிலில் இல்லை. விமானம் போனது ‘ஆர் 6’ வழியாக, தெற்குப் பக்கம். போகும் வழியில் தரையில் ‘எஸ் 4’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அதை நெருங்குகிறோம் என்று ரேடியோவில் சொன்னார். ஒரு விமானி செய்ய வேண்டியதைச் செய்தார். கோபுரத்தில் இருந்தவருக்கோ ‘எஸ் 4’ எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அவர் பயன்படுத்திய வரைபடத்தில் அந்தக் குறியே இல்லை. தரை ரேடாரும் அப்போது வேலை செய்யவில்லை. பேச்சு மேலும் இரண்டு முறை போய் வந்து, தொடர்ந்து வர அனுமதி கிடைத்தது. அந்தச் சிறு விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்த நேரத்தில், ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் எம்டி-87 பயணிகள் ஜெட் புறப்பட்டு வேகமெடுத்து வந்துகொண்டிருந்தது. தரையில் இருந்த நால்வர் உட்பட 118 பேர் இறந்தார்கள்.

இந்தக் கதையில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் இடம் அந்த ‘எஸ் 4’தான். ஒருவர் தன் இருப்பிடத்தைச் சொன்னார். கேட்டவருக்கு அது விளங்கவில்லை. விளங்காத சொல் ஒன்று ரேடியோவில் விழுந்தால் அங்கேயே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். “விளங்கவில்லை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் படம் சரியாகியிருக்கும். இதைக் கட்டுப்பாட்டாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. விமானிகளுக்கும் அதையே சொல்கிறேன்.

இதிலிருந்தே உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். திரும்பக் கேட்டால் என்ன நினைப்பார்கள்? கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு ‘ஸே அகெய்ன்’, அதாவது மீண்டும் சொல்லுங்கள், என்று கேட்கும் விமானி நிம்மதி தருகிறவர். அவருக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அதைச் சரிசெய்யலாம். எனக்கு வயிற்றைக் கலக்குபவர் ‘ரோஜர்’ என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிறவர். ரோஜர் என்றால் ‘நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது’ என்று மட்டுமே பொருள். ஆம் என்றோ, செய்கிறேன் என்றோ, புரிந்தது என்றோகூடப் பொருளில்லை. செய்கிறேன் என்பதற்கு வில்கோ இருக்கிறது, ஆம் என்பதற்கு அஃபர்ம் இருக்கிறது. ஓடுபாதைக்குள் நுழைவது, குறுக்கே கடப்பது, அதற்கு முன்னால் நிற்பது, உயரம், திசை, உயரமானியைச் சரிசெய்யும் அழுத்த அளவு, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண் ஆகியவற்றைச் சொல்லுக்குச் சொல் திருப்பித்தான் சொல்ல வேண்டும். அங்கே ரோஜர் போதாது.

இவ்வளவு கறாராக ஏன் என்று இளைஞர்கள் கேட்பார்கள். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் தெனெரீஃபே தீவில் மூடுபனிக்குள் இரண்டு 747 விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு, புறப்பட்ட பிறகு போக வேண்டிய பாதைக்கு மட்டும் அனுமதி வந்திருந்தது. அந்த வாக்கியத்தில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. விமானி தரப்பில், ‘நாங்கள் இப்போது டேக்-ஆஃபில்’ என்ற, எந்த நெறிமுறையிலும் இல்லாத வாக்கியம். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்றார். ‘காத்திருங்கள், அழைக்கிறேன்’ என்று அவர் தொடர்ந்து சொன்னபோது இன்னொரு விமானமும் பேச, இரண்டு குரலும் ஒன்றையொன்று அழுத்தி ஒரு கீச்சொலிதான் மிஞ்சியது. விமான ரேடியோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். இன்று ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் நாங்கள் உச்சரிப்பதில்லை. மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’தான்.

ரேடியோவில் ‘ஸே அகெய்ன்’ அளவுக்கு மதிப்புள்ள இன்னொரு சொல் ‘அனேபிள்’: என்னால் இயலாது. புதிய விமானிகளின் வாயிலிருந்து இது வருவதே இல்லை. கோபுரம் சொல்வது கட்டளை, மறுத்தால் தண்டனை என்று நினைக்கிறார்கள். 2016 ஜூனில் அமெரிக்காவின் ஹியூஸ்டன் ஹாபி விமான நிலையத்துக்கு சிரஸ் எஸ்ஆர்20 என்ற சிறு விமானம் ஒன்று வந்தது. பயணிகள் ஜெட்களுக்கு நடுவே அதற்கு இடம் கண்டுபிடிக்க முயன்றார்கள். மீண்டும் சுற்றி வாருங்கள், இந்த ஓடுபாதை வேண்டாம், அந்த ஓடுபாதை, இப்படித் திரும்புங்கள் என்று அறிவுரை மாறிக்கொண்டே இருந்தது. விமானி ஒவ்வொன்றுக்கும் பணிவாகச் சரி என்றார். கடைசி முறை இறங்காமல் மேலேறும்போது, போதிய வேகம் சேர்வதற்கு முன் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃப்ளாப் மடல்களை ஏற்றியதால் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்குவிசை இழந்து, விழுந்தது. மூவர் இறந்தார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதற்காரணமாக அந்த மேலேறும் முறையைச் சொன்னது. துணைக் காரணங்களாகக் கட்டுப்பாட்டாளர்களின் முடிவையும், முக்கியமான நேரத்தில் அவர்கள் கொடுத்த தேவையற்ற சிக்கலான அறிவுரையையும், விமானி அழுத்தமாக மறுத்துப் பேசாததையும் குறிப்பிட்டது. இந்தக் கடைசிக் குறிப்பை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அன்று வானத்தில் இருந்தவருக்குத் தேவைப்பட்டது ‘அனேபிள், பத்து மைல் வெளியே போய் நிதானமாக வருகிறேன்’ என்ற ஒரு வாக்கியம். எந்தக் கட்டுப்பாட்டாளரும் அதை மறுத்திருக்க மாட்டார்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது எங்கள் குற்றம். அதற்கு நான் சாக்குச் சொல்லப்போவதில்லை. நிமிடத்துக்கு 100 சொற்களுக்கு மிகாமல் பேச வேண்டும் என்று சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் நெறிமுறையே சொல்கிறது. நெரிசல் கூடக் கூட வேகமும் கூடுகிறது. வேகமாகச் சொன்னதை இரண்டு முறை சொல்ல வேண்டி வந்து இன்னும் நேரம் போகிறது. “மெதுவாகச் சொல்லுங்கள்” என்று கேட்க நெறிமுறையில் தனிச் சொற்றொடரே இருக்கிறது: ‘ஸ்பீக் ஸ்லோவர்’. தயங்காமல் கேளுங்கள். சில நேரம் நீங்கள் அழைத்தும் பதில் வராது. அது கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குக் கேட்காத இன்னோர் அலைவரிசையில் அவர் பேசிக்கொண்டிருக்கலாம், பக்கத்துக் கட்டுப்பாட்டு அறையோடு தொலைபேசியில் இருக்கலாம்.

உங்களைப் போல் கூச்சப்படுகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் நாசூக்கு வேண்டாம். 1990 ஜனவரியில் கொலம்பிய நிறுவனமான அவியாங்காவின் 52ஆம் எண் விமானம் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்து 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சொன்னார்கள், முன்னுரிமை கேட்டார்கள். ‘எமர்ஜென்ஸி’ என்ற சொல் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தச் சொல் வந்தால்தான் கோபுரத்தில் உள்ள எல்லாரும் கையில் இருப்பதைக் கீழே வைப்பார்கள். உயிராபத்தை அறிவிக்கும் ‘மேடே’ என்ற சொல்லை மூன்று முறை சொல்லுங்கள். பிறகு தேவையில்லை என்று தெரிந்தால் ரத்து செய்துகொள்ளலாம்.

இனி கை நடுக்கம். பத்தாண்டுகள் கோபுரத்தில் இருந்த பிறகு நானும் சிறு விமானம் ஓட்டக் கற்றேன். முதன்முதலாகத் தனியாகப் புறப்பட்ட நாளில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்திப் பழகிய அதே போன்ற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு என் அழைப்புக் குறி நினைவுக்கு வராமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே கருவிப் பலகையில் அது கறுப்பு எழுத்தில் ஒட்டியிருந்தது; பார்த்தும் வாசிக்க முடியவில்லை. கண் காற்றுத்திசையைத் தேடுகிறது, கால் பெடலில், மூளை வேகமானியில். காதுக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குள் ஐந்து தகவலை ஒரே மூச்சில் திணித்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அன்றுதான் உறைத்தது. அடுத்த நாள் முதல் ஒரு முறைக்கு இரண்டு தகவலுக்கு மேல் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

அதனால் முழங்காலில் ஒரு சிறு அட்டையும் பென்சிலும் கட்டிக்கொள்ளுங்கள். எண்கள் வந்தால் எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொன்னால் எதிர்பார்த்த எண்தான் வாயில் வரும். விமான நிலையத்தின் தரை வரைபடத்தை முன்தினமே மேசையில் விரித்து, ஓடுபாதை எது, எந்தப் பக்கத்திலிருந்து சேர்வீர்கள், இறங்கியபின் எந்தப் பாதையில் வெளியேறுவீர்கள் என்று விரலால் போய்ப் பாருங்கள். ஒரு விமானத்தைப் பின்தொடரச் சொன்னால், பதிலில் அது எங்கே இருக்கிறது என்பதையும் சேருங்கள்: “செஸ்னா, மூன்று மைல் ஃபைனலில், தெரிகிறது.” அது தெரியாவிட்டால் டவுன்விண்டிலேயே நீளுங்கள், தெரியவில்லை என்று சொல்லுங்கள், எப்போது திரும்பலாம் என்று அவரையே கேளுங்கள்.

அந்தத் தொலைபேசி எண்ணுக்கு வருகிறேன். மூன்று வாரமாக நீங்கள் அதைத் தீர்ப்புக்கான அழைப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சம்பவத்தைப் பற்றிய கேள்விகள் இருக்கும். உங்கள் பக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நான் அந்த முனையில் இருந்தபோது தெரிந்துகொள்ள விரும்பியது ஒன்றுதான்: நான் சொன்னபோது அவருக்கு என்ன தெரிந்தது? திரையில் அது பதிவாவதில்லை. இறங்கிக்கொண்டிருந்த விமானத்தையும் சேர்த்து எண்ணினேன் என்று நீங்கள் சொன்னால், நாளை அந்தக் கோபுரத்தில் ஒருவர் ‘இரண்டாவது’ என்று சொல்வதற்கு முன் யோசிப்பார். உங்கள் நாட்டில் ரகசியமாகச் சம்பவம் தெரிவிக்கும் திட்டம் இருந்தால் அதிலும் எழுதுங்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா அப்படியொன்றை நடத்துகிறது. எழுதியவரின் அடையாளத்தை நீக்கிவிட்டுத்தான் பிறர் வாசிக்கக் கொடுக்கிறார்கள்.

அழைக்கும்போது, கோபுரத்தைப் பார்க்க வரலாமா என்றும் கேளுங்கள். விதிகள் அனுமதிக்கும் இடங்களில் விமானிகளை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்போம். மேலேறி நின்று, மூன்று மைலுக்கு அப்பால் வரும் செஸ்னாவைத் தேடிப் பாருங்கள். வெள்ளை வானத்தில் வெள்ளைப் புள்ளி; எங்களுக்கே சில நாள் பைனாகுலர் வேண்டியிருக்கும்.

பிறகு ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நெரிசல் குறைந்த ஒரு காலையில் அதே விமான நிலையத்துக்கே போங்கள். வேறு இடம் வேண்டாம். ரேடியோ உங்கள் கையிலேயே இருக்கட்டும். முதல் அழைப்பில் உங்கள் குறி, இடம், உயரம் எல்லாம் சொன்னபின், ‘அன்ஃபெமிலியர்’ என்று ஒரு சொல் சேருங்கள். இந்த நிலையம் எனக்குப் பழக்கமில்லை என்று அதற்குப் பொருள். அதைக் கேட்டதும் எதிர்முனையில் குரல் எப்படி மாறுகிறது என்று கவனித்து, எனக்கு எழுதுங்கள்.